சினை பார்த்த கை

காவிரி நாட்டைப் பற்றி எழுத முற்படுகிறவர்கள் நெல்லைப் பற்றி எழுதுவார்கள். ஆற்றையும் வாய்க்காலையும், கோயிலையும் சங்கீதத்தையும் பற்றி எழுதுவார்கள். ஆனால் அந்த நெல் விளையும் சேற்றைத் தலைமுறை தலைமுறையாக மிதித்துக் குழப்பிக் கொடுத்த மாட்டைப் பற்றியும், அந்த மாட்டின் வயிற்றில் கன்று தங்கியிருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியோடு ஒரு குடியானவக் குடும்பம் கழித்த மாதங்களைப் பற்றியும் எழுதியவர்கள் மிகச் சிலரே. 1960களின் பிற்பகுதியில், தஞ்சாவூர் ஜில்லா இன்னும் பிரிக்கப்படாமல் வேதாரண்யம் கடற்கரை வரையில் ஒன்றாகவே இருந்த காலத்தில், சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி, அந்த ஜில்லாவின் கிராமங்களில் உத்தியோகம் பார்க்க வந்தவன் நான். காய்ச்சல் கண்ட மாட்டுக்கும், காணை கண்ட மாட்டுக்கும், கன்று ஈன முடியாமல் திண்டாடிய மாட்டுக்கும் சிகிச்சை செய்திருக்கிறேன் என்றாலும், என் உத்தியோக காலத்தில் மிகுதியான பொழுதை எடுத்துக்கொண்டதும், இன்று நினைக்கையில் மிகுந்த பிரயோஜனம் உள்ளதாகத் தோன்றுவதும், ஜனங்கள் 'சினை பார்க்கிறது' என்று சொல்லும் அந்தக் காரியம்தான்.

அக்காலத்தில் மாட்டாஸ்பத்திரிக்குச் சினை பார்க்க வந்த மாடுகளில் பெரும்பாலானவை நாலு மாதமோ ஐந்து மாதமோ கடந்த பிறகே வந்தன. காளைக்கு விட்ட மாடு இருபத்தொரு நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்து கத்தாவிட்டால் சினை பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொள்வதும், உரோமம் பளபளக்கிறதா என்று பார்ப்பதும், மாடு தண்ணீர் குடிக்கும் நேரத்தில் வலப்பக்க விலாவுக்குக் கீழே ஏதேனும் அசைகிறதா என்று கூர்ந்து நோக்குவதும், கடைசியில் மடி இறங்குகிற வரையில் பொறுத்திருப்பதும் ஊர் வழக்கமாக இருந்தன. இவற்றைப் பேதைமை என்று தள்ளிவிட நான் ஒருபோதும் துணிந்ததில்லை. பசுவின் இடப்பக்கத்தை இரைப்பை அடைத்துக்கொண்டிருப்பதால் வளர்ந்த கன்று வலப்பக்கத்தில்தான் முட்டும் என்பது சாஸ்திரத்துக்கு முற்றிலும் பொருந்திய அவதானிப்பு. பருவம் திரும்பாத மாட்டைச் சினை மாடு என்று ஊகிப்பதும் பாதிக்கு மேல் பலிக்கிற ஊகம்தான். ஆயினும் இந்த அடையாளங்களில் நம்பத் தகுந்தவை யாவும் மிகத் தாமதமாக வருபவை. சீக்கிரம் வருபவை யாவும் நம்பத் தகாதவை. இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில்தான் ஏழைகளின் பணமும் தீவனமும் வருஷாவருஷம் போய் விழுந்துகொண்டிருந்தன.

அந்த நாட்டு மாடு எத்தகையது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தலைஞாயிறு பக்கத்திலுள்ள உம்பளச்சேரி என்னும் கிராமத்தின் பெயரைத் தாங்கிய அந்த இனம், ஜாதி மாடு என்றும், மொட்டை மாடு என்றும், தெற்கத்தி மாடு என்றும் பல பெயர்களால் வழங்கியது. பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று, ஆறு மாதம் ஆவதற்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் வெள்ளைச் சுட்டியும், கால்களில் வெள்ளையும், வால் நுனியில் வெள்ளையும் மட்டும் நிலைத்து நிற்கும். எருதுகளுக்குக் கன்றுப் பருவத்திலேயே கொம்பைத் தீய்த்து மொட்டையாக்கிவிடுவார்கள்; உடம்பில் சூடு போட்டு, காதையும் கத்தரித்துவிடுவார்கள். உயரத்தில் அடக்கமும் காலில் உறுதியும் கொண்ட அந்த மாடுகள், முழங்கால் புதையும் சேற்றில் காலை எடுத்து வைக்கும் லாகவத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த வயலுக்கென்றே அந்த இனம் உருவானது என்பதில் சந்தேகம் இருக்காது. லிட்டில்வுட் என்னும் அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் இந்த இனத்துக்கு இடமளித்திருக்கிறார். திருத்துறைப்பூண்டியை அடுத்த கொருக்கையில் அரசாங்கப் பண்ணையொன்றும் இந்த இனத்தைக் காத்து வருகிறது. பால் சொற்பந்தான். அந்தப் பசுவை வளர்த்தவர்கள் பாலுக்காக வளர்க்கவில்லை. அது ஈனும் காளைக் கன்று நாளை ஏர் மாடாகும் என்பதற்காகவே வளர்த்தார்கள். ஆகையால் ஒரு வருஷம் பசு சினை தப்பிற்று என்றால், சில வருஷம் கழித்து நுகத்தடியில் ஒரு பக்கம் காலியாகப் போகிறது என்று பொருள்.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மேலதிகாரியாக இருந்த பெரியவர், புத்தகத்தில் உள்ள சாஸ்திரத்தைக் காவிரியின் பஞ்சாங்கத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்தவர். அறுவடை முடிந்த பிறகு, மாசி பங்குனியில் மாடுகள் திறந்த வயல்களில் மேயும். வயிறு நிறைய மேய்ந்த மாடு பருவத்துக்கு வரும். நாலு பேர் கண்ணில் படுகிற வெளியில் மேய்வதால் அது பருவத்தில் இருப்பதும் தெரியும். அப்போது சினை பிடித்த மாடு, ஏறக்குறைய 280 நாள் சுமந்து, கார்த்திகை மார்கழியில் கன்று போடும். ஆனால் 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததிலிருந்து, நீர் இருக்கும் வருஷங்களில் ஜூன் 12-ஆம் தேதி வாக்கில் அணையைத் திறப்பது வழக்கமாயிற்று. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் மேய்ச்சல் நிலமெல்லாம் நாற்றங்காலாகவும் நடவு வயலாகவும் மாறிவிடும். பசுக்கள் கொட்டிலில் கட்டுண்டு, வைக்கோலைத் தின்றுகொண்டு கிடக்கும். வீட்டு ஜனங்கள் அத்தனை பேரும் விடியலில் வயலுக்குப் போய்விடுகிற அந்த மாதங்களில், இரவு நடுச்சாமத்தில் கொட்டிலுக்குள் ஒரு மாடு பருவத்துக்கு வந்து, பன்னிரண்டு பதினெட்டு மணி நேரத்தில் அடங்கிப்போவதை யார் கண்டுகொள்வார்கள்? "தண்ணி வர்றதுக்குள்ள சினை பார்த்தாகணும் தம்பி; சினை நிக்கலேன்னா வைகாசிக்குள்ள இன்னொரு தடவை சேர்த்துடலாம்; ஆனி பொறந்துட்டா அடுத்த மாசிதான்" என்று அவர் அடிக்கடி சொல்வார். இந்த ஒரே வாக்கியத்தில் இனவிருத்தி நிர்வாகம் என்னும் முழுச் சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கிற்று.

அந்தப் பெரியவரிடமே நான் கையால் சினை பார்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டேன். மாட்டை டிராவிஸ் என்று சொல்லப்படும் மரச் சட்டத்துக்குள் நிறுத்தி, வாலை ஒருவர் ஒதுக்கிப் பிடிக்க, நகத்தை ஒட்ட வெட்டிய இடது கையைத் தோள்வரையில் சோப்புத் தண்ணீரால் வழுக்கலாக்கி, விரல்களைக் குவித்து மலக்குடலுக்குள் மெல்லச் செலுத்த வேண்டும். உள்ளேயிருக்கும் சாணத்தை எடுத்துவிட்டு, குடல் இறுகிக் கையை நெரிக்கும்போதெல்லாம் அசையாமல் காத்திருந்து, அது தளர்ந்த பிறகே மேலே செல்ல வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளுகிற கை மாட்டையும் காயப்படுத்தும், உண்மையையும் தவறவிடும். இடுப்பெலும்பின் தளத்தில் கெட்டியாகக் கிடக்கும் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முன்னே போனால், கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரியும் இடம் தட்டுப்படும். வெறும் மாட்டில் அந்த இரண்டு கொம்புகளும் ஒரே பருமனாக, ஒரே விறைப்புடன் இருக்கும். சினை மாட்டில் ஒரு கொம்பு சற்றே பருத்து, சுவர் மெலிந்து, உள்ளே நீர் தளும்புவது விரலுக்குத் தெரியும். அந்தக் கொம்பு இருக்கும் பக்கத்துக் கருவகத்தில், மஞ்சள் திரள் என்று நாங்கள் சொல்லும் முடிச்சு எழும்பி நிற்கும்.

இவையெல்லாம் சந்தேகத்துக்கு இடமுள்ள அடையாளங்களே. நிச்சயமான அடையாளம் வேறொன்று உண்டு. பருத்த கொம்பை இரண்டு விரல்களுக்கு நடுவே மிக மெல்லப் பிடித்து உயர்த்தி நழுவவிட்டால், கருவைச் சூழ்ந்த நூல்போன்ற சவ்வு முதலில் நழுவி விழும். கருப்பையின் சுவர் அதற்கு ஒரு கணம் கழித்தே நழுவும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நழுவல்கள். அந்த இரண்டாவதை முதன்முதலில் என் விரல் தனித்து உணர்ந்த காலை நேரத்தை நான் மறக்கவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் கண்ட மாறுதலே அவருக்குப் போதுமாக இருந்தது. தேர்ந்த கைக்கு இந்த அடையாளம் 35 நாளிலேயே கிட்டிவிடும். சாதாரணமாக 45 நாளுக்கு மேல் 60 நாளுக்குள் ஐயமின்றிச் சொல்லலாம். அதற்குப் பிறகு கரு வளரும் அளவைக் கல்லூரியில் எங்களுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார்கள்: இரண்டு மாதத்தில் சுண்டெலி, மூன்றில் எலி, நான்கில் பூனைக்குட்டி. மூன்று மாதத்தைத் தாண்டிய பிறகு, கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை எலும்போடு சேர்த்து விரலால் தொட்டால், நாடி விட்டு விட்டுத் துடிக்காமல் இடைவிடாத ஒரு நடுக்கமாக ஓடுவது தெரியும். ஒரு கன்றை வளர்க்க எத்தனை ரத்தம் பாய்கிறது என்பதை அந்த நடுக்கத்தில் உணர்கிறவன், கையை வெளியே எடுத்த பிறகும் சிறிது நேரம் பேச மாட்டான்.

இத்தனையும் கற்ற பிறகும், சீக்கிரம் பார்ப்பது எதற்காக என்பதை எனக்கு உணர்த்தியவள் வெண்ணாற்றங்கரைக் கிராமத்திலிருந்து தன் புருஷனோடு வந்த ஒரு வயதான அம்மாள். அவர்கள் ஓட்டி வந்த உம்பளச்சேரிப் பசு காளைக்கு விட்டு ஐந்து மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு தடவைகூட மறுபடி கத்தவில்லை. ஆகவே சினை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. என்ன மாதம் என்று தெரிந்துகொண்டு போகத்தான் வந்திருந்தார்கள். சினை மாட்டுக்கென்று எள்ளுப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கடன் வாங்கி வைத்திருந்தார்கள். நான் கைவிட்டுப் பார்த்தபோது இரண்டு கொம்புகளும் சிறுத்து ஒன்றுபோலவே இருந்தன. கருவகங்கள் இரண்டும் வழவழவென்று, முடிச்சு ஏதும் எழும்பாமல் உறங்கிக் கிடந்தன. அந்த மாடு சினையானதால் கத்தாமல் இருக்கவில்லை. காளைக்கு விட்ட பிறகு கொட்டிலில் வெறும் வைக்கோலைத் தின்று மெலிந்து, உடம்பில் தாதுச் சத்து வற்றி, பருவம் வருவதையே அதன் உடம்பு நிறுத்தி வைத்திருந்தது. கத்தாத மாடெல்லாம் சினை மாடல்ல என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆனால் அதை அந்த இருவரிடம் சொல்வது எளிதாக இருக்கவில்லை.

அந்த அம்மாளின் புருஷர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டின் முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்த அம்மாள் அழவில்லை, என்னை நேராகப் பார்த்து, "இதை நாலு மாசத்துக்கு முன்னாடியே பார்த்துச் சொல்ல முடியாதுங்களா டாக்டரய்யா?" என்று கேட்டாள். முடியும் என்று சொன்னேன். "அப்படீன்னா எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றாள். பூச்சி மருந்தும் தாது உப்பும் கொடுத்து, வரப்பில் விளையும் அகத்தியும் பச்சைப் புல்லும் தினந்தோறும் ஒரு கட்டு போடச் சொல்லி அனுப்பினேன். மாடு பின்னர் பருவத்துக்கு வந்தது, சினையும் பிடித்தது. எனினும் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு, அந்த ஒரு மாட்டைக் குணப்படுத்தியதால் பதில் சொல்லி முடிந்துவிட்டதாக நான் கருதவில்லை. சினை என்ற செய்தி வீட்டுக்குச் சந்தோஷத்தைத் தரும், அவ்வளவே. யாரும் சொல்லாவிட்டாலும் அந்தக் கன்று வளர்ந்தே தீரும். சினையில்லை என்ற செய்தியோ உரிய காலத்தில் சொல்லப்பட்டால் அந்த வருஷத்தையே மீட்டுக் கொடுக்கும். காலம் தப்பிச் சொல்லப்பட்டால் இழந்ததற்குக் கணக்குச் சொல்வதாக மட்டுமே முடியும். சீக்கிரம் பார்க்கும் பரீட்சையின் முழு மதிப்பும் 'இல்லை' என்று சொல்லும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தவன், அதற்குப் பிறகு போகிற கிராமமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காலம் தப்பிய 'இல்லை' எங்கே போய் முடிகிறது என்பதை வாரச் சந்தையில் பார்க்கலாம். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது, ஐந்து மாதச் சினை என்ற ஒரு வார்த்தைக்குத் தனி விலை உண்டு. அந்த வார்த்தையை நம்பி வாங்கிப் போனவன் அடுத்த மாதம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பான். அதைவிடத் துக்கமானது மற்றொன்று: இரண்டு வருஷம் ஈனாத பசுவை மலடு என்று முடிவு கட்டி, அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அவ்வாறு தள்ளப்பட்ட பசுக்களில் உண்மையிலேயே மலடானவை கொஞ்சந்தான். சினை நிற்கவில்லை என்பது தெரியாமல் ஒவ்வொரு பருவமாகக் கைநழுவவிட்டதனால் மலட்டுப் பட்டம் சுமந்தவையே மிகுதி.

இதற்குள் நாடு வேறு பாதையில் திரும்பிக்கொண்டிருந்தது. 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் என்பவரால் இந்தியாவில் முதன்முதலாகச் செய்யப்பட்ட செயற்கைக் கருவூட்டல், சுதந்திரத்துக்குப் பின் கிராமந்தோறும் பரவி, 'சினை ஊசி' என்ற பெயரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் விந்து திரவமாகவே பனிக்கட்டி போட்ட தெர்மாஸ் குடுவையில் சைக்கிளில் வந்தது; இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. பின்னர், கிளிசரின் சேர்த்து உறைய வைத்தால் விந்தணு சாவதில்லை என்று 1949-இல் இங்கிலாந்தில் கண்டறிந்த முறை நம் நாட்டிலும் வேரூன்றி, தஞ்சாவூர் ஜில்லாவில் ஈச்சங்கோட்டையிலேயே உறைவிந்து நிலையம் ஏற்பட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரிலுள்ள திரவ நைட்ரஜனில் மெல்லிய குழல்களாக விந்து வந்திறங்கியது. டிராக்டர் வந்து ஏர் மாடு குறைந்தது. ஜெர்சிக் கலப்புக் கிடேரிகள் பெருகின. 1980-க்குப் பிறகு, ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் நிலமில்லாத பெண்கள் பலர் பாங்கிக் கடனில் கறவை வாங்கினார்கள். மாசியையும் ஆனியையும் பார்த்து நடந்த பழைய பஞ்சாங்கம் போய், கடன் தவணையின் பஞ்சாங்கம் வந்தது. ஏர் மாடு ஒரு வருஷம் தாமதித்தால் நுகத்தடி காத்திருக்கும், தவணை காத்திருக்காது. கன்று போட்ட இரண்டு மூன்று மாதத்துக்குள் மறுபடி சினை பிடித்து, பன்னிரண்டு பதின்மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஈன்றால்தான் கறவையால் வீடு பிழைக்கும். தப்பிப்போன ஒவ்வொரு பருவமும் இருபத்தொரு நாள் தீவனத்தை விழுங்கிவிட்டுப் போகும்.

அந்த நாட்களில், நடவாளாகக் கூலி வேலை செய்த ஒரு பெண், சினை ஊசி போட்ட தேதியைத் தன் வீட்டுக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்து, ஒன்றரை மாதம் நிறைந்ததும் கிழித்தெடுத்த அந்தக் காலண்டர்த் தாளோடு மாட்டை ஓட்டி வந்தாள். சினை இல்லை என்று சொன்னேன். கருவகத்தில் முடிச்சு எழும்பியிருந்ததால், இன்ன நாள் வாக்கில் பருவத்துக்கு வரும், காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும் என்று விளக்கினேன். கோழை தெளிவாக இழுத்து விழுகிறதா என்று விடியலிலும் படுக்கப் போகுமுன்னும் ஒரு பார்வை பார்த்துவிடச் சொன்னேன். அவள் சொன்னபடியே பார்த்து, சொன்னபடியே ஓட்டி வந்தாள். இரண்டாம் ஊசியில் சினை நின்றது. அவள் இழந்தது ஏறத்தாழ இரண்டு மாதம். வெண்ணாற்றங்கரைத் தம்பதி இழந்தது ஏறத்தாழ ஒரு வருஷம். இரண்டு வீட்டுக்கும் என் வாயிலிருந்து வந்த வார்த்தை ஒன்றே. அது போய்ச் சேர்ந்த காலம்தான் வேறு.

மனுஷ ஸ்திரீயின் கர்ப்பத்தைச் சிறுநீரிலிருந்து சில நிமிஷத்தில் அறியும் காலத்தில், பசுவுக்கு மட்டும் ஏன் இத்தனை சிரமம் என்று படித்த இளைஞர்கள் என்னிடம் கேட்டதுண்டு. கருத்தரித்த ஸ்திரீயின் சிறுநீரில் வெளிப்படும் கோனடோட்ரோபின் என்னும் ஹார்மோனைப் பசு உண்டாக்குவதில்லை என்பதே அதற்கு விடை. பசுவின் வயிற்றிலுள்ள கரு, பதினாறாம் நாள் வாக்கில், இன்டர்பெரான் டௌ என்ற புரதத்தைக் கருப்பைக்குள் சுரந்து, தான் இருப்பதைத் தாய்க்கு உணர்த்துகிறது. அந்த அறிவிப்பு கிடைத்ததால்தான் தாயின் மஞ்சள் திரள் கரையாமல் நின்று, புரோஜெஸ்டிரோனைத் தொடர்ந்து சுரந்து, அடுத்த பருவம் வராமல் தடுக்கிறது. இந்தச் சங்கேதத்தைப் பாலிலிருந்தே படிக்கலாம் என்பதை 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் காட்டினார்கள்: ஊசி போட்ட 21-ஆம் நாளுக்கும் 24-ஆம் நாளுக்கும் இடையில் பாலில் அந்த ஹார்மோன் குறைந்திருந்தால், மாடு சினையில்லை என்பது ஏறக்குறைய நிச்சயம், மிகுந்திருந்தால், சினையாக இருக்கலாம் என்பது மட்டுமே. ஆக, அந்தப் பரீட்சையும் 'இல்லை' என்று சொல்வதில்தான் வல்லமை உடையது. நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் ரத்தத்தில் கலக்கும் புரதங்களை நாலு வாரத்தில் கண்டறியும் முறைகள் 1980களிலிருந்து வளர்ந்தன. அதே நாலு வாரத்தில், மலக்குடல் வழியாகச் செலுத்தும் அல்ட்ராசவுண்ட் கருவியின் திரையில் கருவின் இருதயம் துடிப்பதையே கண்ணால் பார்க்கலாம் என்பதும் கைகூடிற்று.

ஏழைக் குடியானவன் வீட்டில் திரையும் இல்லை, ரத்தப் பரிசோதனைச் சாலையும் இல்லை. அவனுக்காகவே அமைந்ததோ என்று தோன்றும் ஒரு முறையைக் கன்னட நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். கர்ப்பம் அறியச் சிறுநீரைக் கோதுமை, வாற்கோதுமை விதைகளின்மேல் ஊற்றி முளைப்பதைப் பார்க்கும் எகிப்தியரின் பழைய வழக்கத்தைப் பசுவுக்குப் பொருத்தி, புலிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய கன்னடக் கதைப் பசுவின் பெயரால் அதைப் புண்யகோடிப் பரீட்சை என்று அழைத்தார்கள். ஒரு பங்கு சிறுநீரைப் பதினான்கு பங்கு தண்ணீரில் கலந்து, கோதுமையையோ பச்சைப்பயற்றையோ அதில் ஊறப் போட்டு, வேறொரு தட்டில் வெறும் தண்ணீரில் அதே விதையைப் போட்டு வைக்க வேண்டும். சினைப் பசுவின் சிறுநீர் பட்ட விதை முளைப்பது குன்றும், தண்ணீரில் கிடந்த விதை முளைவிடும். தஞ்சாவூர்ப் பெண்களுக்குப் பச்சைப்பயறும் தட்டும் புதியவை அல்லவாகையால், இதை அவர்கள் ஆவலோடு செய்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். சிறுநீரின் அடர்த்தியும் விதையின் தரமும் முடிவை மாற்றிவிடும் என்பதால், இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அந்தத் தட்டு, ஊசி போட்ட மாட்டை நினைவில் வைத்து, நாளெண்ணிப் பார்க்கும் பழக்கத்தை ஒரு வீட்டில் உண்டாக்குமானால், அதுவே பெரிய லாபம். சந்தேகம் வந்த வீட்டார் மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்துவிடுவார்கள்.

சீக்கிரம் பார்ப்பதில் உள்ள அபாயங்களையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் ஆறு வாரத்துக்குள் கரு தானாகவே அழிந்துவிடுவது பசுக்களில் சாதாரணம். ஆகையால் நாலு வாரத்தில் சினை என்று கண்ட மாட்டை இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஒருமுறை பார்க்காமல் விடக் கூடாது. இளம் கருவைக் கையால் தேடுகிறவன் விரலை அழுத்தினால் அந்தக் கருவுக்கே தீங்கு நேரலாம். சந்தேகம் இருந்தால் கையை வெளியே எடுத்துக்கொண்டு, பதினைந்து நாள் கழித்து ஓட்டி வரச் சொல்வதே யோக்கியமான காரியம். எல்லாவற்றிலும் கொடியது பொய்யான 'இல்லை'. மஞ்சள் திரளைக் கரைத்துப் பருவத்தை வரவழைக்கும் புரோஸ்டகிளாண்டின் ஊசி புழக்கத்துக்கு வந்த பிறகு, சினை மாட்டை வெறும் மாடு என்று எண்ணி அந்த ஊசியைப் போட்டால், வளரும் கன்று விழுந்துவிடும். 'இல்லை' என்ற வார்த்தைக்கு நான் இத்தனை பெருமை சொல்வதாலேயே, அதை உச்சரிக்கிறவன் இருமடங்கு நிச்சயத்தோடு உச்சரிக்க வேண்டும் என்பதையும் வற்புறுத்துகிறேன்.

2012-இல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டதிலிருந்து, டெல்டாப் பிள்ளைகள் டெல்டா மாட்டைத் தொட்டே சினை பார்க்கக் கற்கிறார்கள் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். வேப்பேரியில் படித்துவிட்டு வந்து வெண்ணாற்றங்கரையில் நாங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள நேர்ந்ததை, அவர்கள் முதல் வருஷத்திலிருந்தே கண்ணால் பார்த்து வளர்கிறார்கள். அவர்களிடமும், இன்று மாட்டை வைத்திருக்கும் குடும்பங்களிடமும், இலாகாவை நடத்துகிறவர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். எத்தனை சினை ஊசி போட்டோம் என்று கணக்கெழுதுவதோடு நிற்காமல், போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் எதிரே, இரண்டு மாதத்துக்குள் பார்த்த முடிவையும் எழுதுங்கள். ஊசி போடும் வசதி எத்தனை கிராமத்துக்குப் போயிருக்கிறதோ, சினை பார்க்கும் வசதியும் அத்தனை கிராமத்துக்குப் போகட்டும். வீட்டில் தேதி குறிப்பதற்குக் காலண்டர்த் தாளில் ஒரு வட்டம் போதும். அந்தத் தேதியில் வந்து பார்ப்பதற்குத் தேர்ந்த ஒரு கை போதும். நம்முடைய கறவைகளில் மலடு என்று பெயர் சுமந்து சந்தைக்குப் போகிறவற்றில் பாதியையாவது கொட்டிலிலேயே நிறுத்திக் கன்றோடு பார்க்க, இதைக் காட்டிலும் செலவு குறைந்த மார்க்கம் வேறொன்று இருப்பதாக என் அனுபவத்தில் நான் அறியேன்.